எண்பத்தேழாம் பக்கம்

உங்கள் முன்னால் ஒருவர் வந்து நின்று, "என் மூஞ்சியை ஊருக்கே காட்டிட்டியளே தம்பி" என்று சொன்னால் நீங்கள் என்ன செய்வீர்கள்? பதறுவீர்கள், உட்காரச் சொல்வீர்கள், குறைந்தபட்சம் என்ன ஏதென்று கேட்பீர்கள். நான் டிராயரைத் திறந்து ஒரு ஃபாரம் எடுத்துக் கொடுத்தேன். "இதை ஃபில் பண்ணிக் குடுங்கக்கா, ஏழு வேலை நாள் ஆகும்" என்று சொல்லிவிட்டு, பாதியில் விட்ட டீயைக் குடிக்க ஆரம்பித்தேன்.

சென்ற வருடம் ஆனி மாதம், தென்காசிப் பக்கம் இருக்கும் ஒரு மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் நூலகத்தில் நடந்தது இது. அங்கே நான் டிஜிட்டல் களஞ்சிய நூலகர். பெயரில் இருக்கும் கெத்து ஊரில் எடுபடாது. அம்மா பக்கத்து வீட்டில், "கம்ப்யூட்டர்ல என்னமோ ஏத்துதான்" என்று சொல்லி வைத்திருக்கிறாள். குத்துக்கல்வலசை டீக்கடையில் என் நண்பன் ஒருவன் தினமும் ஓட்டுவான்: "ஏலே, புஸ்தகமே இல்லாத லைப்ரரிக்கு நீ எதுக்குலே? அங்கன நீ ஓட்டுத ஈயும் டிஜிட்டலா?"

உண்மையில் வேலை இதுதான். மேற்படிப்பு முடிக்கும் ஒவ்வொரு மாணவரும் ஓர் ஆய்வேடு எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த ஆய்வேடுகள் எல்லாம் கறுப்பு அட்டையும் பொன்னெழுத்துமாக வருடக்கணக்கில் பூட்டிய அலமாரிக்குள் தூங்கிக்கொண்டிருந்தன. நான் சேர்வதற்கு முன்பே வெளி ஆட்கள் வந்து அவற்றை ஸ்கேன் செய்து கோப்புகளாகக் கொடுத்துவிட்டார்கள். தலைப்பு, எழுதியவர், துறை, வருடம் எல்லாம் சேர்த்து அவற்றைப் பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் ஏற்றுவது என் பொறுப்பு. ஏற்றும்போது ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். இதை யார் பார்க்கலாம்? வளாகத்துக்குள் இருப்பவர்கள் மட்டுமா, உலகத்தில் எல்லோருமா?

வேலையில் சேர்ந்த முதல் நாளே எங்கள் தலைமை நூலகர் ஒன்று சொல்லியிருந்தார். எதையும் எல்லோருக்கும் திறந்து விடுவதற்கு முன் கடைசிப் பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிட வேண்டும். மருத்துவ ஆய்வேட்டின் வால் பகுதியில்தான் நோயாளிகளின் பட்டியல், படங்கள் எல்லாம் இருக்கும். நானும் பயபக்தியாகத் தலையாட்டினேன். முதல் பத்து மாதம் புரட்டவும் செய்தேன். அப்புறம் குற்றாலத்தில் சாரல் பிடித்தது.

வெள்ளிக்கிழமை மதியம். நாற்பத்து மூன்று ஆய்வேடுகள் வரிசையில் இருந்தன. போன் அடித்தது, அதே டீக்கடை நண்பன். "ஏலே, ஐந்தருவில அஞ்சுலயும் விழுது. வாரியா, இல்ல உன் பி.டி.எஃப்லயே குளிக்கியா?"

எங்கள் வேலையில் கோப்புகளை மொத்தமாக ஏற்ற ஒரு ஷீட் உண்டு. அதில் 'யார் பார்க்கலாம்' என்று ஒரு கட்டம். முதல் வரியில் 'எல்லோரும்' என்று அடித்தேன். கட்டத்தின் மூலையைப் பிடித்து மவுஸால் கீழே ஓர் இழு. நாற்பத்து மூன்றும் 'எல்லோரும்' ஆகிவிட்டன. மூன்று மணிக்கெல்லாம் அருவிக்குக் கீழே தலையைக் கொடுத்து நின்றுகொண்டிருந்தேன். திங்கட்கிழமைக் கூட்டத்தில் அந்த எண்ணிக்கைக்காக எனக்குக் கைதட்டல் வேறு. கூச்சமே இல்லாமல் வாங்கிக்கொண்டேன்.

இரண்டு வாரம் கழித்துத்தான் அந்த அக்கா வந்தார். முப்பத்து மூன்று, முப்பத்து நாலு வயது இருக்கும். நனைந்த குடையை வாசலிலேயே சாய்த்து வைத்துவிட்டு, செருப்பையும் கழற்றிவிட்டு வந்தார். நான் கொடுத்த ஃபாரத்தை மேலிருந்து கீழே வரை நிதானமாகப் படித்தார். பெயர், ஊர், மருத்துவமனையில் கொடுத்த எண், என்ன நோய், எதற்காக நீக்க வேண்டும், அடையாள அட்டை நகல். படித்து முடித்ததும் அதைக் கவிழ்த்து மேஜையில் வைத்தார்.

"தம்பி, எதை யாரும் பாத்துரக் கூடாதுன்னு பஸ் ஏறி வந்தேனோ, அதை எல்லாம் வரிசையா இதுல எழுதச் சொல்லுதிய. இந்த ஃபாரத்தை எத்தனை பேரு பாப்பாவ?"

மனசுக்குள் எண்ணிப் பார்த்தேன். ஃபாரம் ஆறு மேஜை தாண்டிப் போகும்.

அவர் பையில் இருந்து ஓர் உறையை எடுத்து, அதிலிருந்து ஒரு தாளை உருவி, அதையும் கவிழ்த்தே என் பக்கம் தள்ளினார். நான் புரட்டினேன். ஒரு பெண்ணின் முகம். கன்னத்திலும் நெற்றியிலும் நோயின் தடயம். கண்ணை மறைக்கும் கறுப்புப் பட்டை இல்லை, ஒன்றும் இல்லை. கீழே ஊர்ப் பெயர். அந்த முகத்தின் மேல் குறுக்காக, லேசான நீல நிறத்தில் எங்கள் களஞ்சியத்தின் முத்திரை. அந்த முத்திரையை டிசைன் செய்தவன் நான். நிமிர்ந்து பார்த்தேன். அதே முகம், தடயம் எதுவும் இல்லாமல், ஒன்பது வருடம் கூடுதலாக, எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தது.

டீ டம்ளரை ஓரமாக நகர்த்தி வைத்தேன்.

அவர் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். எங்கள் மாணவிகள் சிலர் கிராமப்புறப் பயிற்சிக்காக அவர் ஊர்ப் பக்கம் வந்து தங்கியிருந்தார்கள். மாதிரிக்கு ஒரு பழைய ஆய்வேட்டைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள் என்று வழிகாட்டி சொல்ல, ஒரு மாணவி எங்கள் தளத்தில் இருந்து ஒன்றை இறக்கி அவருடைய கடையில் பிரிண்ட் போடக் கொடுத்திருக்கிறாள்.

"நூத்திப் பத்துப் பக்கம். நான் பாட்டுக்கு அடுக்கிட்டே நிக்கேன். எண்பத்தேழாவது பக்கம் வருது. பாத்தா நான் வருதேன்" என்றார்.

நான் அந்தத் தாளை மறுபடியும் கவிழ்த்து வைத்தேன்.

"அந்தப் பிள்ளை எதிர்லயே போனை நோண்டிக்கிட்டு நிக்கா. இந்த ஒரு பக்கம் மை சரியா விழலைம்மா, நாளைக்கு வந்து வாங்கிக்கோன்னு சொல்லிட்டேன். ஏழு வருஷமாக் கடை வச்சிருக்கேன் தம்பி. கஸ்டமர்ட்ட பொய் சொன்னது நேத்துத்தான்."

அவர் சொன்ன 'நாளைக்கு' அன்றுதான். சாயங்காலம் ஐந்து மணிக்கு அந்த மாணவி விட்டுப்போன பக்கத்தை வாங்க வருவாள். கூடவே இன்னும் ஐந்து பேர், ஆளுக்கொரு பிரதி போட. கடையில் அப்போது அவருடைய மாமியார் உட்கார்ந்திருந்தார். மருமகள் வெளியே போனால் மிஷினை ஓட்டுவது அவர்தான். சிகிச்சை நடந்ததும் குணமானதும் கல்யாணத்துக்கு முன்னால். கணவருக்குத் தெரியும், மாமியாருக்குத் தெரியாது.

"நல்லவியதான். சண்டை போட மாட்டாவ. ஆனா என் டம்ளரை எடுத்துத் தனியா வச்சிருவாவ. வெறுப்புல இல்ல, பயத்துல. அதுக்கப்புறம் அந்த வீட்டுல நான் எப்படித் தம்பி சோறு திங்க?" என்றார். குரல் அங்கே மட்டும் கொஞ்சம் இறங்கியது. உடனே சரி செய்துகொண்டார். "இன்னைக்கு நான் ஓடிப்போய் மிஷினு முன்னால நின்னுருவேன். நாளைக்கு? நாளைக் கழிச்சு? எத்தனை நாளைக்குத்தான் என் கடையில நானே காவல் நிக்க?"

நான் கீபோர்டை இழுத்தேன். அந்த ஆய்வேட்டை மூட இரண்டு நொடி கூட ஆகவில்லை. ஏழு வேலை நாள் என்று நான் சொன்னது அதற்குத்தான். மூடியதை அவர் கண்ணால் பார்த்தால் நிம்மதியாக இருக்குமே என்று மானிட்டரை அவர் பக்கம் திருப்பினேன். சட்டென்று முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"திருப்பாதிய தம்பி. வேற ஆளுவ படமும் அதுல இருக்கும்லா? என்ட்ட காட்டச் சொல்லி அவிய கேட்டாவளா?"

செருப்பால் அடித்திருந்தால் கூட அவ்வளவு உறைத்திருக்காது. வேறு ஆட்கள். அதுவரைக்கும் எனக்கு அது தோன்றவே இல்லை. நாற்பத்து மூன்று ஆய்வேடு, ஒவ்வொன்றிலும் எத்தனை முகம், எத்தனை பெயர்? ஷீட்டைத் திறந்தேன். முதல் கட்டத்தில் 'யாரும் வேண்டாம்' என்று மாற்றி, மறுபடியும் அதே மூலையைப் பிடித்து இழுத்தேன்.

அவர் ஜன்னலைப் பார்த்தபடியே பேசிக்கொண்டிருந்தார். ஊரில் பாதிப் பேருடைய ஆதார், ஜாதகம், கோர்ட் பேப்பர், ஸ்கேன் ரிப்போர்ட் எல்லாம் அவர் கையால்தான் பிரிண்ட் ஆகின்றன. வந்த தாளைக் கவிழ்த்துதான் அடுக்குவாராம். மொபைலுக்கு வந்த கோப்பைக் கஸ்டமர் எதிரிலேயே அழித்துவிட்டு, போனை அவர்கள் கையில் கொடுத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்வாராம். "எங்க ஊர்ல மத்த கடைக்காரவிய சிரிப்பாவ. இவ பெரிய பேங்கு வச்சிருக்கான்னு" என்றார். நான் நூலக அறிவியலில் எம்.லிப். படித்தவன். தகவல் பாதுகாப்பு என்று ஒரு பேப்பரே எழுதி முதல் வகுப்பு வாங்கியவன்.

பிரச்சினை முடியவில்லை. தளத்தில் கணக்கைப் பார்த்தேன். பதினொரு பேர் ஏற்கெனவே அந்த ஆய்வேட்டை இறக்கியிருந்தார்கள். யார் யார் என்று அது சொல்லாது. "மாணவர்களுக்கு ஒரு மெசேஜ் போட்டுடுறேன்க்கா. எண்பத்தேழாம் பக்கத்துல தவறுதலா ஒரு படம்..." என்று ஆரம்பித்தேன்.

"ஏன் தம்பி, அப்படிச் சொன்னா முதல்ல எந்தப் பக்கத்தைத் திறப்பாவ?"

பல்பு வாங்கினேன்.

அப்புறம் அவரே கேட்டார், அந்தக் கோப்பில் வேறு கோளாறு ஏதும் இல்லையா என்று. இருந்தது. பிரிண்ட் போடும்போதே அவர் கவனித்திருக்கிறார். நாற்பதாம் பக்கத்து அட்டவணை கோணலாக ஸ்கேன் ஆகி, கடைசிப் பத்தி வெட்டுப்பட்டிருந்தது. அதைச் சரி செய்து புதுக் கோப்பு போட்டால், பழையதை அழித்துவிட்டுப் புதியதை எடுங்கள் என்று பொய் இல்லாமலே சொல்லலாம். யாரும் எண்பத்தேழைத் தேட மாட்டார்கள்.

கிளம்பும்போது, தகவல் சொல்ல என் மொபைல் நம்பரைக் குறித்துக் கொடுத்தேன். கூடவே, கேட்கக் கூடாத ஒன்றையும் கேட்டேன். எனக்கு ஒப்பந்த வேலை. புதுப்பிக்கும் மாதம் அது. "அக்கா, கம்ப்ளெயின்ட் ஏதும் எழுதுவீங்களா?"

என்னை ஒரு பார்வை பார்த்தார். "எழுதுனா என் பேரையும்லா எழுதணும்" என்றார். எனக்கு அப்பாடா என்று இருந்தது. அப்படி இருந்ததை நினைத்தால் இன்றைக்கும் காது சூடாகிறது. வாசலில் குடையை எடுத்தவர் திரும்பி, "எழுதித்தான் ஆகணும்னாலும் உங்களை மாட்டி விட மாட்டேன் தம்பி. நான் வந்து சொன்னதும் நீங்க மூடிட்டியள்லா" என்றார். ஃபாரம் கொடுத்ததை அவர் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

அவர் பஸ் ஏறப் போனதும் நேராகத் தலைமை நூலகர் அறைக்குப் போனேன்.

"என்னவே, மூஞ்சி வெளுத்துக் கெடக்கு?"

எல்லாவற்றையும் சொன்னேன், அருவியையும் சேர்த்து. யார் என்று சொல்ல வாயெடுத்தபோது கையைத் தூக்கினார். "பேரைச் சொல்லாத. பக்கத்தைச் சொல்லு." சொன்னேன். சாவியை எடுத்தபடி எழுந்தார். "அருவி அங்கனயேதானவே நிக்கும்? பஸ் ஏறி எங்கயாவது போயிருமா?" ஆவணி வந்தால் அது வற்றிப் போகும் என்று சொல்ல நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டேன்.

அலமாரியைத் திறந்து அசல் ஆய்வேட்டை எடுத்தோம். எண்பத்தேழாம் பக்கத்தை விரித்தபோது, தாள்களைச் சேர்த்துத் தைத்திருந்த இடுக்கில் இருந்து ஏதோ ஒன்று நழுவி மேஜையில் விழுந்தது. சுண்டுவிரல் நீளத்தில் ஒரு கறுப்புக் காகிதத் துண்டு. அந்தக் காலத்து மாணவர் பொறுப்பாகக் கண்களின் மேல் ஒட்டித்தான் வைத்திருக்கிறார். ஒன்பது வருடத்தில் பசை காய்ந்து உதிர்ந்துவிட்டது. ஸ்கேன் எடுத்தவர்கள் கவனிக்கவில்லை. கவனிக்க வேண்டியவன் நான், ஒரே ஒரு தடவை கடைசிப் பக்கங்களைப் புரட்டியிருந்தால் போதும். சார் பசை டப்பாவை என் பக்கம் நகர்த்தினார். அந்தத் துண்டை அது இருந்த இடத்திலேயே ஒட்டினேன்.

ஒட்டியதோடு விடவில்லை. படப் பக்கங்கள் இரண்டையும் விட்டுவிட்டு, மற்ற எல்லாவற்றையும் முதல் பக்கத்தில் இருந்து நானே திரும்ப ஸ்கேன் செய்தேன். கோணல் அட்டவணை நேரானது. மதியச் சாப்பாடு டப்பாவிலேயே இருந்தது. நாலு மணி சுமாருக்குப் புதுக் கோப்பை, வளாகத்தின் கணக்கில் நுழைபவர்கள் மட்டும் பார்க்கும்படி ஏற்றினேன். துறையில் இருந்து எல்லா மாணவர்களுக்கும் தகவல் போனது: பழைய கோப்பில் அட்டவணை வெட்டுப்பட்டிருக்கிறது, அழித்துவிடுங்கள், புதியதை மட்டும் மாதிரியாக வையுங்கள்.

அப்புறம் செய்வதற்கு ஒன்றுமில்லை. ஐந்து மணி ஆனது. ஐந்தே கால் ஆனது. என் வாழ்க்கையில் ரிசல்ட்டுக்குக் கூட அப்படிக் கடிகாரத்தைப் பார்த்ததில்லை. அவர் போய்ச் சேர்ந்தாரா? பஸ் கிடைத்ததா? மாணவிகள் முன்னாலேயே வந்திருந்தால்?

ஆறு மணிக்கு என் மொபைல் அடித்தது.

"தம்பி, பஸ்சு லேட்டு. நான் வாரதுக்குள்ள பிள்ளைய வந்துட்டாளுவ. அத்தைதான் பிரிண்ட் போட்டாவ."

அவர் சிரித்தார். "புதுசைத்தான் கொண்டாந்திருக்காளுவ. அத்தை பக்கத்தை எண்ணிப் பாத்துட்டு என்ட்ட ஒரே புகாரு. 'ஏட்டி, நேத்து நூத்திப் பத்து வந்துச்சுன்ன, இன்னைக்கு நூத்தி எட்டுதான் வருது, மிஷினு ரெண்டை முழுங்கிட்டா?'ன்னு கேக்காவ." நேற்று வந்த மாணவிக்கும் புதுப் பிரதி ஒன்று முழுசாகப் போட்டுக் கொடுத்துவிட்டாராம். பொய் சொன்னதற்குப் பரிகாரம் என்றார்.

"வெளிய போன பழைய கோப்பு எல்லாம் அழிஞ்சிருக்கும்னு என்னால சத்தியம் பண்ண முடியாதுக்கா" என்றேன். அதையாவது உண்மையாகச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

"தெரியும் தம்பி. போனது போனதுதான். இனிமே போகாமப் பாத்துக்கிடுங்க" என்றார். கடைசியாக, "இந்த நம்பரையும் அழிச்சிருங்க." அழித்தேன்.

நடந்ததை அறிக்கையாக எழுதிக் கொடுத்தேன். அவரைப் பற்றி ஒரு வரி இல்லை, என்னைப் பற்றி எல்லா வரியும் இருந்தது. ஒரு வருடத்துக்குப் பதில் ஆறு மாதம்தான் நீட்டித்தார்கள். நியாயம்தான். அந்த ஆறு மாதத்தில் நாற்பத்து மூன்றையும் முதல் பக்கத்தில் இருந்து கடைசிப் பக்கம் வரை பார்த்தேன். இன்னும் ஐந்தில் பட்டை உதிர்ந்திருந்தது. அந்த ஐந்து பேருக்கு இப்படி ஒன்று நடந்ததே தெரியாது. தெரியாமல் இருப்பதற்குக் காரணம், ஜன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொண்ட ஒருவர்.

போன வாரம் அவர் கடைக்குப் போனேன். மாமியார் தாள்களை அடுக்கிக்கொண்டு, "எந்த ஊரு தம்பி?" என்று விசாரித்தார். கடைப் பலகையில் இருந்த நம்பருக்கு என் ஒப்பந்த நீட்டிப்புக் கடிதத்தை அனுப்பினேன். இந்தத் தடவை ஒரு முழு வருடம். அந்த அக்கா என்னை இதற்கு முன் பார்த்ததே இல்லை என்பது போலப் பிரிண்ட் போட்டார். கோப்பை அழித்துவிட்டு, "பாத்துக்கோங்க" என்று போனை நீட்டினார். மாமியார் டீ போட உள்ளே போன இடைவெளியில் மெதுவாகக் கேட்டேன், இதை எழுதிப் பத்திரிகைக்கு அனுப்பலாமா என்று.

"எழுதுங்க. உங்கள மாதிரி ஆளுவ நாலு பேரு படிக்கட்டும். என்னை மட்டும் கண்டுபிடிக்க முடியாத மாதிரி மாத்தி எழுதுங்க" என்றவர், கொஞ்சம் யோசித்து, "மிஷினு பக்கத்தை முழுங்கும்னு எழுதிராதிய. யாவாரம் போயிரும்" என்றார்.

மாற்றியிருக்கிறேன். எதையெல்லாம் என்று சொல்ல மாட்டேன். கடையமா, சுரண்டையா என்று கேட்காதீர்கள், பக்க எண்ணைக்கூட நம்பாதீர்கள். கோபப்பட அத்தனை உரிமையும் இருந்தும் கோபப்படாமல் என்னை விட்டு வைத்தவருக்கு, நேரில் சொல்ல வராத நன்றியை இங்கேதான் சொல்ல முடிகிறது.

இன்றைக்கும் வெள்ளிக்கிழமை. நண்பர்கள் கீழே பைக்கோடு நிற்கிறார்கள், ஐந்தருவியில் தண்ணீர் விழுகிறதாம். என் மேஜையில் இன்னும் ஒன்பது ஆய்வேடுகள் இருக்கின்றன.